உரையில் நேர்ந்த பிழை



மயிலாப்பூரில் லஸ் முனையை அடுத்த நடைபாதையில் பழைய புத்தகங்கள் விற்கும் வழக்கம் நெடுங்காலமாக இருந்து வந்தது. நான் கல்லூரியில் சேர்ந்த ஆண்டில் மடக்கை அட்டவணை ஒன்றை அங்கேதான் வாங்கினேன். அட்டை கிழிந்த புத்தகம். விலையும் அதற்கேற்றதாகவே இருந்தது. வீட்டுக்கு வந்து புரட்டிப் பார்த்தபோது, ஓரிடத்தில் அச்சிட்ட எண் ஒன்றை யாரோ ஊதா மையினால் அடித்துத் திருத்தியிருக்கக் கண்டேன். 7.43 என்ற எண்ணின் மடக்கை 0.8770 என்று அச்சாகியிருந்தது. அதை அடித்து, ஓரத்தில் 0.8710 என்று எழுதியிருந்தார்கள்.

எது சரி? அச்சா, மையா? அக்கம் பக்கத்து எண்களே சாட்சி சொல்லின. 7.42க்கு 0.8704, 7.44க்கு 0.8716. இவ்விரண்டிற்கும் இடையே வரவேண்டிய எண் 0.8710தான். பெயர் தெரியாத அந்த முன்னோருக்கு மனத்திற்குள் வணக்கம் செலுத்தினேன். சில பக்கங்கள் தள்ளி அதே கையெழுத்தில் மற்றொரு திருத்தமும் இருந்தது. 5இன் மடக்கை 0.6990 என்று அச்சிட்டிருந்ததை அடித்து, 0.6989 என்று ஆக்கியிருந்தார். இங்கே அச்சுதான் சரி. அந்த மடக்கை 0.69897 என்று தொடர்வது. நான்கு இடத்திற்கு முழுமையாக்கினால் 0.6990 ஆகும். அவர் முழுமையாக்கவில்லை, வெட்டிவிட்டார். திருத்த வந்தவரும் தவறலாம் என்பதை அப்போது நான் ஒரு வேடிக்கையாகவே எண்ணினேன். பிற்காலத்தில் எனக்கே அது நேர்ந்தது. அந்தக் கதையைத்தான் இன்று சொல்ல விரும்புகிறேன்.

இன்று மடக்கை அட்டவணையை நாடுவார் அரியர். அதன் இடத்தைக் கணிப்பொறியும், அதற்கென எழுதப்பெற்ற கணித நிரல் நூலகங்களும் பிடித்துக்கொண்டன. நூலகம் என்றவுடன் கன்னிமாரா நூலகத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். வர்க்கமூலம் காண ஒன்று, சமன்பாடு தீர்க்க ஒன்று, தற்செயல் எண்களை எடுத்துத் தர ஒன்று என்று, பலரும் பயன்படுத்தத்தக்க சிறுசிறு நிரல்களைச் செயற்கூறுகளாக வகுத்து ஒருங்கே தொகுத்து வைத்திருப்பதையே அவ்வாறு அழைக்கின்றனர். ஒவ்வொரு செயற்கூற்றுக்கும் ஒரு விளக்கம் உண்டு: இதற்கு எந்த எண்களைக் கொடுக்கவேண்டும், இது எதைத் திருப்பித் தரும், எங்கே எச்சரிக்கை தேவை என்பன அதில் இருக்கும். நிரலை மூலம் என்று கொண்டால் விளக்கத்தை உரை எனலாம். மூலத்தைத் தாமே படித்து அறிபவர் சிலர். மற்ற அனைவரும் உரையின் கையைப் பற்றிக்கொண்டு நடப்பவர்களே.

தமிழ் படித்த நமக்கு இந்த உறவு புதியதன்று. உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பித்தபோது பட்ட பாடுகளை நீங்கள் படித்திருப்பீர்கள். பனையோலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. காலும் ரகரமும் ஒன்றுபோல் தோன்றும். எனவே ஏட்டோடு ஏட்டை ஒப்பிட்டுப் பாடம் காணவேண்டியிருந்தது. அடையாற்றை அடுத்த பெசண்ட் நகரில் அவர் பெயரால் அமைந்த நூல்நிலையத்திற்குச் சென்று ஏடுகளைக் காணும் மாணவர், பிழை நேர்வதற்கு எத்தனை வாயில்கள் உண்டு என்பதைக் கண்ணாலேயே அறியலாம். கணிப்பொறியின் உரையில் இத்தகைய எழுத்து மயக்கம் இல்லை. ஆயினும் அங்கே வேறொரு வாயில் திறந்தே கிடக்கிறது. சிந்தாமணியின் மூலம் உரையாசிரியர் காலத்திற்குப் பின் மாறுவதற்கில்லை. நிரலின் மூலமோ மாதந்தோறும் மாறுகிறது. உரை எழுதியவர் போய்விடுவார். மூலத்தை மற்றொருவர் மாற்றுவார். பழைய உரை புதிய மூலத்தின் தலைமேல் அப்படியே அமர்ந்திருக்கும்.

இனிக் கதைக்கு வருகிறேன். தியாகராய நகரிலிருந்து கல்லூரி மாணவி ஒருத்தி ஒரு மாலை என் வீட்டிற்கு வந்தாள். புள்ளியியல் வகுப்பில் அவளுக்கு ஒரு பயிற்சி தந்திருந்தார்கள். இரண்டு பகடைகளைப் பத்தாயிரம் முறை உருட்டினால் கூட்டுத்தொகை 7 எத்தனை முறை வரும் என்பதைக் கணிப்பொறியால் பார்க்கவேண்டும். கண்டதைக் கொள்கையோடு ஒப்பிட்டுக் கட்டுரை எழுதவேண்டும். கொள்கைப்படி 36 வகைகளில் 6 வகை ஏழாகும். அதாவது பத்தாயிரத்தில் ஏறக்குறைய 1667. அவளுக்கு 1618 கிடைத்திருந்தது. இத்தனை வேறுபாடு தற்செயலாக நேரக்கூடியதே. அத்துடன் நிறுத்தியிருந்தால் கட்டுரை நிறைவேறியிருக்கும், மதிப்பெண்ணும் கிடைத்திருக்கும்.

ஆனால் அவள் படம் வரைந்தாள். 2 முதல் 12 வரை ஒவ்வொரு கூட்டுத்தொகைக்கும் ஒரு தூண் நிறுத்தினாள். 10இன் தூணோடு படம் முடிந்துவிட்டது. 11ம் இல்லை, 12ம் இல்லை. பத்தாயிரம் முறை உருட்டியும் ஒருமுறைகூட 12 வரவில்லை! ஏறத்தாழ 278 முறை வந்திருக்கவேண்டும் என்று அவளுக்கே தெரியும். மூன்று இரவுகள் தன் நிரலைத் திரும்பத் திரும்பப் படித்தாளாம்; இரண்டு முறை முதலிலிருந்து எழுதிப் பார்த்தாளாம். கையேடு சொன்னபடி 1, 6 என்று இரு எல்லைகளையும் கொடுத்திருந்தாள். இரு எல்லைகளும் சேர்ந்தே எண்கள் வரும் என்று கையேடு தெளிவாகக் கூறியது.

“கையேடு சொல்வது தவறாக இருந்தால்?” என்று கேட்டேன்.

“அச்சில் வந்தது தவறாக இருக்குமா, ஐயா? எவ்வளவு பெரியவர்கள் எழுதியிருப்பார்கள்!” என்றாள்.

இந்த ஒரு சொல்லுக்காகவே இப்பேச்சை எழுதத் துணிந்தேன் என்று சொல்லலாம். நிரல் பிழைத்தால் கணிப்பொறி பெரும்பாலும் நின்றுவிடும், அல்லது முறையிடும். உரை பிழைத்தாலோ எந்த ஓசையும் எழாது. கற்கின்ற பிள்ளை நூலை ஐயுறுவதில்லை, தன்னையே ஐயுறுகிறது. தனக்குக் கணிதம் வாராது என்று ஒரு மாணவி முடிவு கட்டுவதற்கு அப்படிப்பட்ட மூன்று இரவுகள் போதும்.

பெரியவர்கள் என்று அவள் சொன்னதால் நம் ஊர்ப் பெரியவர் ஒருவரையே எடுத்துக்காட்டினேன். இராமானுஜன் 1915இல் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார். தன்னிலும் சிறிய எந்த எண்ணைவிடவும் மிகுதியான வகுத்திகளைக் கொண்ட எண்களைப் பற்றியது அது. 12, 24, 36, 48, 60 ஆகியவை அத்தகையவை. அக்கட்டுரையில் நூற்றுக்கு மேற்பட்ட எண்களை வரிசையாகக் கையால் கணித்து அட்டவணையாகத் தந்தார். அந்த வரிசையில் 240940299600க்கும் 321253732800க்கும் இடையே ஓர் எண் விடுபட்டுப் போயிற்று. 293318625600 என்பது அது. அதற்கு வகுத்திகள் 5040. இராமானுஜன் கையில் நேர்ந்த விடுதல் இது. அவர் பெருமை இதனால் ஒரு மாற்றும் குறையவில்லை. ஆயினும் அட்டவணையை அப்படியே நம்பி எண்ணியவர் ஓர் எண்ணைத் தவறவிட்டிருப்பார் அன்றோ?

அவர் ஊகம் ஒன்றும் திருத்தம் பெற்றது. அதைச் சற்று விரித்தே சொல்கிறேன். ஏனெனில் திருத்தியவர்களும் நம் நாட்டவர்களே. 4 என்ற எண்ணை 4 என்றும், 3+1 என்றும், 2+2 என்றும், 2+1+1 என்றும், 1+1+1+1 என்றும் ஐந்து வகையாகப் பிரிக்கலாம். இவ்வாறு பிரிக்கும் வகைகளின் எண்ணிக்கை 5, 7, 11 ஆகியவற்றின் அடுக்குகளால் எப்போது வகுபடும் என்பதற்கு இராமானுஜன் ஒரு விதியை ஊகித்தார். அவ்விதியின்படி 243ஐப் பிரிக்கும் வகைகளின் எண்ணிக்கை 7இன் மும்மடியாகிய 343ஆல் வகுபடவேண்டும். அவர் காலத்தில் மக்மகான் கணித்த அட்டவணை 200இலேயே நின்றுவிட்டது. சோதித்துப் பார்க்க வழியில்லை. பின்னர் ஹன்ஸ்ராஜ் குப்தா அந்த அட்டவணையை 300 வரை நீட்டினார். அதைக் கொண்டு 1934இல் சர்வதமன் சௌலா நோக்கினார். 243க்குரிய எண்ணிக்கை 133978259344888. இதை 7ஆல் வகுத்தால் 19139751334984. மீண்டும் வகுத்தால் 2734250190712. மூன்றாம் முறை வகுத்தால் 5 மீதி நிற்கிறது. காகிதமும் பென்சிலும் இருந்தால் நீங்களும் இப்பொழுதே வகுத்துப் பார்க்கலாம். விதியை எவ்வாறு மாற்றினால் பொருந்தும் என்பதைக் கண்டு 1938இல் வாட்சன் மெய்ப்பித்தார். சௌலா இராமானுஜனை மறுக்கப் புறப்பட்டவர் அல்லர். ஓர் எண்ணை எடுத்து வைத்தார், அவ்வளவே. விவாதம் அங்கே முடிந்துவிட்டது.

மாணவியின் முகம் சற்றே தெளிந்தது. இருவருமாக அந்த நூலகத்தின் மூலத்தைத் திறந்தோம். அதன் பெயர் நமக்கு இங்கே வேண்டியதில்லை. சிலர் தம் ஓய்வு நேரத்தில் பேணிவரும் சிறு நூலகம் அது. இப்படிப்பட்ட நூலகங்களில் ஒரு நன்மை உண்டு. இன்னின்ன நாளில் இன்னார் இந்த வரியை இப்படி மாற்றினார் என்ற வரலாறு முழுவதும் காக்கப்பட்டிருக்கும். தேடியபோது உண்மை வெளிப்பட்டது. தொடக்கத்தில் அந்தச் செயற்கூறு இரு எல்லைகளையும் சேர்த்தே எண்களைத் தந்தது. பின்னொரு நாள் ஒருவர் மேல் எல்லை சேராதபடி அதனை மாற்றியிருக்கிறார். உரையை எவரும் தொடவில்லை.

இத்தகைய மயக்கத்திற்கு இடம் எங்கும் இருக்கிறது. பைதான் என்னும் நிரல்மொழியோடு வரும் ரேண்டிண்ட் என்ற செயற்கூறு இரு எல்லைகளையும் சேர்த்துக்கொள்ளும். அதே மொழியில் வழங்கும் நம்பை என்ற பெரிய நூலகத்தில் அதே பெயருடைய செயற்கூறு மேல் எல்லையை விலக்கிவிடும். இரண்டின் உரைகளும் இதைச் சரியாகவே கூறுகின்றன; படிக்காமல் போகிறவர்தாம் இடறுகிறார். மாறுபாட்டுச் சராசரி காணும்போது எண்ணிக்கையால் வகுப்பதா, எண்ணிக்கையில் ஒன்று குறைத்து வகுப்பதா என்பதும் நூலகத்திற்கு நூலகம் வேறு. ஆகவே உரை சொல்லாவிட்டால் ஊகிக்க இயலாது. உரை பொய் சொன்னாலோ ஊகிக்கத் தோன்றவும் தோன்றாது.

மாணவியின் தோழி ஒருத்தி முன்னமே வழி கூறியிருந்தாளாம்: “6 என்பதற்குப் பதில் 7 என்று போடு, சரியாகிவிடும்.” உண்மைதான், சரியாகிவிடும். எங்களுக்கு முன் எத்தனை பேர் அப்படி 7 என்று மாற்றிக்கொண்டு, கையேட்டை மூடிவைத்துவிட்டுத் தம் வழியே போனார்களோ! ஆற்றைக் கடந்தவர் பாலத்தின் உடைந்த பலகையை மறந்துவிடுகிறார்.

மாற்றவேண்டியது மூலத்தையா, உரையையா என்ற கேள்வி அடுத்து எழுந்தது. உரைக்கு ஏற்ப மூலத்தை மாற்றிவிடலாமே என்று மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. ஆனால் இன்றைய மூலத்தை நம்பி 7 என்று எழுதி வைத்தவர்கள் எத்தனையோ பேர். மூலம் மாறினால் அவர்களுடைய பகடைக்கு ஏழு முகங்கள் முளைத்துவிடும். எனவே உரையைத் திருத்துவதே தக்கது என்று முடிவு செய்தோம்.

இவ்விடத்தில் என் தவற்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பேராசிரியத் தொழிலில் பல்லாண்டு கழித்தவன் என்ற மிதப்பில், நானே ஒரு வாக்கியம் எழுதினேன். முதல் எல்லையிலிருந்து தொடங்கி, இறுதி எல்லைக்கு ஒன்று குறைவான எண்வரை கிடைக்கும் என்பது அதன் கருத்து. மாணவியிடம் காட்டாமலேயே அனுப்பிவிட்டேன். இத்தகைய நூலகங்களுக்கு எவரும் திருத்தம் அனுப்பலாம். பேணுபவர் ஆராய்ந்து, ஏற்றுக்கொண்டால் மூலத்தோடு சேர்ப்பார். இரண்டு நாள் கழித்து மறுமொழி வந்தது. நன்றி கூறிவிட்டு, என் வாக்கியமும் தவறு என்று எழுதியிருந்தார்கள். ஒரே ஓர் எண்ணை மட்டும் கொடுத்து அழைத்தால், அச்செயற்கூறு அதனைத் தொடக்க எல்லையாகக் கொள்வதில்லை. இறுதி எல்லையாகக் கொண்டு 0விலிருந்து தொடங்குகிறது. என் வாக்கியத்தை நம்பி ஒருவர் 6 என்று மட்டும் கொடுத்தால், 6இல் தொடங்கும் என்று எதிர்பார்த்து ஏமாறுவார். மேலும், நான் சொல்வதற்குச் சான்றாக ஓர் எடுத்துக்காட்டும் சேர்க்கவில்லை என்பது அவர்களுடைய இரண்டாவது குறை.

எனக்குச் சினம் வந்தது என்பதை மறைக்கமாட்டேன். என் மாணவர்களின் வயது கூட இராத ஒருவர் எனக்குப் பாடம் சொல்வதா என்று தோன்றிற்று. மறுநாள் அந்த மறுமொழியை மாணவியிடம் நீட்டினேன். அவள் ஒருமுறைக்கு இருமுறை படித்துவிட்டு, “அவர் சொல்வது சரிதானே, ஐயா” என்றாள். சரிதான். ஊதா மையினால் 0.6989 என்று எழுதிய பெயர் தெரியாத மனிதரை அன்றுதான் மீண்டும் நினைத்துக்கொண்டேன்.

எடுத்துக்காட்டு கேட்டார்களே, அது வெறும் சடங்கு அன்று. இக்காலத்துக் கணித நூலகங்களில் நல்லவை ஒரு வழக்கத்தை மேற்கொண்டுள்ளன. 2005இல் வில்லியம் ஸ்டைன் தொடங்கிய சேஜ் என்னும் கணித மென்பொருள் இதற்குச் சிறந்த சான்று. அதன் உரையில் ஒவ்வொரு செயற்கூற்றின் கீழும், இதைக் கொடுத்தால் இது கிடைக்கும் என்று எடுத்துக்காட்டுகள் இருக்கும். நாலைப் பிரிக்கும் வகைகள் எத்தனை என்று கேட்டு, விடை 5 என்று காட்டும் வரிகளைப் போல. படிப்பவருக்கு அவை விளக்கம். அத்துடன், சோதனை நிரல் ஒன்று அந்த எடுத்துக்காட்டுகளை எல்லாம் உண்மையாகவே இயக்கி, உரையில் எழுதிய விடையும் கிடைத்த விடையும் ஒன்றா என்று ஒப்பிட்டுப் பார்க்கும். மாறுபட்டால் உடனே அறிவிக்கும். மூலத்தை மாற்றியவர் உரையை மறந்தார் என்றால் அன்றைக்கே அகப்பட்டுக்கொள்வார். ஏட்டை ஏட்டோடு ஒப்பிடும் வேலையைப் பொறியிடம் ஒப்படைத்தது போன்றது இது. 1821இல் சார்லஸ் பாபேஜ் தம் நண்பர் ஹெர்ஷலோடு அமர்ந்து, தனித்தனியே கணிக்கப்பெற்ற வானியல் அட்டவணைகளை ஒப்பிட்டு, பிழைகள் மலிந்திருக்கக் கண்டு மனம் சலித்தாராம். கணக்கிடும் பொறி பற்றிய எண்ணம் அவருக்கு அங்கேதான் உதித்தது. நம் தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனம் போன்ற இடங்களில் ஆராய்பவர்களுக்கு இந்தச் சோதனை முறை இன்று பழகிப்போன ஒன்று.

இருப்பினும் எங்களுக்கு ஒரு சிக்கல் எழுந்தது. தற்செயல் எண்ணுக்கு எடுத்துக்காட்டு தருவது எப்படி? ஒவ்வொரு முறையும் வேறு எண் அல்லவா வரும்? இன்று 4 என்று எழுதி வைத்தால் நாளை 2 வரும், சோதனை தோற்றுப்போகும். வழியைக் கண்டவள் அவள்தான். 1, 7 என்று எல்லைகளைக் கொடுத்துப் பத்தாயிரம் எண்களை எடுப்பது. எடுத்தவற்றுள் மிகச் சிறியது எது, மிகப் பெரியது எது என்று மட்டும் கேட்பது. விடை எப்போதும் 1, 6. பத்தாயிரம் முறையில் ஒருமுறைகூட 6 வாராமற்போகும் வாய்ப்பு மிக மிகச் சிறியது. அதை எழுதினால் புள்ளிக்குப் பின் எழுநூறுக்கு மேற்பட்ட சுழிகள் நிற்கும். ஓர் எண்ணை மட்டும் கொடுத்து அழைக்கும் வகைக்கும் இதேபோல் ஓர் எடுத்துக்காட்டு எழுதினாள். வாக்கியத்தையும் அவளே எழுதினாள். என்னுடையதைவிடக் குறுகியதாகவும் தெளிவாகவும் அது அமைந்தது. நான் ஒரு காற்புள்ளியை மட்டும் இடம் மாற்றினேன்.

இந்த முறை மறுமொழி ஒரே நாளில் வந்தது. திருத்தம் ஏற்கப்பட்டது. வரலாற்றில் அந்த வரிகளுக்கு எதிரே அவள் பெயர் நிற்கிறது. கட்டுரை கொடுக்கவேண்டிய நாளுக்கு முந்தைய மாலை, புதிய உரையின்படி எல்லைகளை எழுதிப் பகடைகளை மறுபடியும் பத்தாயிரம் முறை உருட்டிவிட்டு, படத்தை எனக்குக் காட்ட வந்தாள். இம்முறை படம் பத்தோடு நிற்கவில்லை. 11, 549 முறையும், 12, 283 முறையும் வந்திருந்தன.